இரு வாசல் உள்ள கணிப்பொறி

மூன்றாம் ஆண்டு மாணவர், கணிப்பொறி அறிவியல் துறை

முன்னுரை

இணையம் இன்று கல்லூரிக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் போலத் தேவையான ஒன்றாகிவிட்டது. சேர்க்கை, தேர்வுக் கட்டணம், உதவித்தொகை ஆகிய அனைத்தும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆதலால் ஒரு நிறுவனத்தின் இணைப்பு அறுந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்று எண்ணி, இரு நிறுவனங்களிடம் இணைப்புப் பெறும் வழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பரவியுள்ளது. எங்கள் துறை ஆய்வகத்திலும் அவ்வாறே இரண்டு இணைப்புகள் உள்ளன. ஆனால் இரண்டு இணைப்புகள் இருப்பது வேறு. இரண்டும் பயன்படுவது வேறு. இந்த வேறுபாட்டை நான் அறிந்தது பாடப்புத்தகத்தில் அன்று. ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் அறிந்தேன்.

அன்று நண்பகலுக்குப் பின் ஆய்வகத்தில் மாணவ மாணவியர் வரிசையாக அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தனர். திடீரென்று எல்லாத் திரைகளும் நின்றுபோயின. முதல் நிறுவனத்தின் இணைப்பு ஊருக்குள் எங்கோ அறுந்துவிட்டது. ஆனால் எங்கள் அறையில் இருந்த அந்நிறுவனத்தின் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டாம் இணைப்பு எந்தக் குறையும் இன்றி வேலை செய்துகொண்டிருந்தது. ஆயினும் எங்கள் கணிப்பொறி அதனைத் தொடவே இல்லை. “இரண்டுக்கும்தானே மாதந்தோறும் பணம் கட்டுகிறோம்?” என்று எங்கள் பேராசிரியர் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

மாலை ஐந்தரை மணிக்கு முதுகலை படிக்கும் மூத்த மாணவர் ஒருவர் வந்தார். மூன்றே மூன்று வரிகளைத் தட்டினார். ஆய்வகம் உயிர் பெற்றது. ஆனால் அதற்குள் ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஊருக்கு வேறு வண்டி இல்லாத இருவர் புறப்பட்டுப் போய்விட்டனர். அவ்வாண்டு உதவித்தொகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மூன்று வரிகள் யாவை, அவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சல் குறியீடும் ஐபி முகவரியும்

இணையத்தில் எந்தச் செய்தியும் முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய இரண்டும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். இவ்வெண்ணே ஐபி முகவரி எனப்படும். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பின்படி இது 32 பிட் நீளமுடையது. படிக்க எளிதாக நான்கு எண்களாகப் பிரித்து 192.0.2.10 என்பதுபோல் எழுதுகிறோம்.

இம்முகவரியைக் கண்டு பொட்டலத்தை எவ்வழி அனுப்புவது என முடிவு செய்யும் முறையை அறிய நம் அஞ்சல் துறையின் பின்கோடு நல்ல எடுத்துக்காட்டாகும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இக்குறியீட்டில் ஆறு இலக்கங்கள் உள்ளன. முதல் இலக்கம் 6 எனின் அது தமிழ்நாடு, கேரளம் முதலியவை அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். 625 எனின் மதுரை. ஆறு இலக்கங்களும் சேர்ந்தால் குறிப்பிட்ட ஓர் அஞ்சல் நிலையம் கிடைக்கும்.

அஞ்சல் பிரிப்பவரிடம், “6இல் தொடங்கும் கடிதங்களை இந்தப் பையில் போடுக, 625இல் தொடங்குவனவற்றை அந்தப் பையில் போடுக” என்று கூறினால், 625001 என்று எழுதிய கடிதத்தை அவர் எதில் போடுவார்? இரண்டு கட்டளைகளும் அதற்குப் பொருந்தும். ஆயினும் 625 என்ற பையில்தான் போடுவார். கூடுதல் இலக்கங்கள் பொருந்தும் கட்டளையே அக்கடிதத்திற்கு உரிய கட்டளை என்பது அவருக்குத் தெரியும்.

கணிப்பொறியும் இதையேதான் செய்கிறது. அதனிடம் ரூட்டிங் டேபிள் என்னும் வழி அட்டவணை ஒன்று உண்டு. முகவரியின் முன்பகுதியில் எத்தனை பிட்டுகளை ஒப்பிட வேண்டும் என்பதைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதுவர். 203.0.113.0/24 என்றால் முதல் 24 பிட்டுகள் ஒத்திருக்கும் 256 முகவரிகளின் தொகுதி என்று பொருள். /32 என்றால் ஒரே ஒரு முகவரி. /0 என்றால் எதையும் ஒப்பிடத் தேவையில்லை. எல்லா முகவரிகளும் பொருந்தும். இந்தக் கடைசி வகையையே டிஃபால்ட் ரூட், அஃதாவது பொது வழி என்கிறோம். வேறு எந்த வரியும் பொருந்தாத பொட்டலங்கள் இவ்வழியே போகும்.

நம் ஆய்வகத்தின் அமைப்பு

இனி ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். இதில் வரும் வெளி முகவரிகள் பாடம் கற்பிப்பதற்கென்றே 2010இல் ஒதுக்கப்பட்ட தொகுதிகளைச் சேர்ந்தவை. உண்மையில் உங்கள் நிறுவனம் தரும் எண்களை அவ்விடங்களில் இட்டுக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் இயங்கும் நம் கணிப்பொறியில் மூன்று நெட்வொர்க் கார்டுகள் உள்ளன.

ஈத்0 என்பது முதல் நிறுவனத்தின் இணைப்பு. நம் முகவரி 192.0.2.10; அந்நிறுவனத்தின் கேட்வே 192.0.2.1.

ஈத்1 என்பது இரண்டாம் நிறுவனத்தின் இணைப்பு. நம் முகவரி 198.51.100.10, கேட்வே 198.51.100.1.

ஈத்2 என்பது ஆய்வகத்தின் உட்புற இணைப்பு. முகவரி 192.168.5.1. ஆய்வகத்தின் மற்றக் கணிப்பொறிகள் எல்லாம் இதன் வழியாகவே வெளியே செல்கின்றன.

கேட்வே என்பது நம் தெருமுனை போன்றது. பொட்டலம் வெளியே செல்ல முதலில் சேர வேண்டிய இடம் அது. அந்தக் கேட்வே நம் கார்டு நேரடியாக எட்டக்கூடிய தொகுதிக்குள் இருத்தல் வேண்டும். தொலைவில் உள்ள ஒரு முகவரியைக் கேட்வே என்று எழுதினால் கணிப்பொறி அதனை ஏற்காது. புதியவர்கள் செய்யும் முதல் பிழை இதுவாகும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். “ஐபி ரூட்” என்று மட்டும் தட்டினால் அட்டவணை முழுவதும் திரையில் தோன்றும். விபத்து நடந்த அன்று எங்கள் அட்டவணையில் மூன்று கார்டுகளுக்கும் உரிய நேரடி வரிகள் மூன்றும், முதல் நிறுவனத்தை நோக்கிய பொது வழி ஒன்றும் ஆக நான்கு வரிகளே இருந்தன. இரண்டாம் நிறுவனத்தின் கம்பி செருகப்பட்டிருந்தது, முகவரியும் தரப்பட்டிருந்தது. ஆனால் அவ்வழியே போகச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. வாசல் இருந்தது, அவ்வாசலுக்குச் செல்லும் வழியை எவரும் சொல்லவில்லை.

மூத்த மாணவரின் மூன்று வரிகள்

அவர் தட்டிய முதல் வரி இது:

ஐபி ரூட் ரீப்ளேஸ் டிஃபால்ட் வயா 198.51.100.1 டெவ் ஈத்1

பொது வழியை மாற்றி, இரண்டாம் நிறுவனத்தின் கேட்வே வழியாக, ஈத்1 என்னும் கார்டின் மூலம் அனுப்புக என்பது இதன் பொருள். உடனே அந்தக் கணிப்பொறியிலிருந்து வெளியே பிங் செய்தால் மறுமொழி வந்தது. ஆனால் ஆய்வகத்தின் மற்றக் கணிப்பொறிகளுக்கு வரவில்லை.

இரண்டாம் வரி மாஸ்கரேட் எனப்படும் முகவரி மாற்றத்தைப் பற்றியது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் செல்லப் பெயர்களைப் போன்றவை. 1996ஆம் ஆண்டின் வரையறைப்படி உள் வலைகளில் எவரும் பயன்படுத்தலாம்; ஆனால் பொது இணையத்தில் அவை செல்லா. எனவே வெளியேறும் பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியை நம் வெளி முகவரியாக மாற்ற வேண்டும். இந்த ஏற்பாடு ஈத்0க்கு மட்டும் செய்யப்பட்டிருந்தது. ஈத்1க்கும் அதைச் செய்தார். இப்போது ஆய்வகக் கணிப்பொறிகளிலிருந்தும் எண் முகவரிகளுக்கு மறுமொழி வந்தது. ஆனால் இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை.

அதற்குக் காரணம் டிஎன்எஸ். நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் இந்தச் சேவையை ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கு நடத்துகிறது. வெளியார் கேட்டால் பெரும்பாலும் விடை தராது. நாங்கள் இரண்டாம் நிறுவனத்தின் வழியே சென்று, முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதுவோ அறுந்த பாதைக்கு அப்பால் இருந்தது. மூன்றாம் வரியில் டிஎன்எஸ் முகவரியை மாற்றினார். அத்துடன் வேலை முடிந்தது.

வழி, முகவரி மாற்றம், பெயர் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தினால்தான் ஓர் இணைப்பு நமக்கு இணைப்பாகும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. ‘இணையம் வரவில்லை’ என்ற ஒரே குறைக்கு மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்க.

நிலையான வழிகளை எழுதுதல்

நாமே கையால் எழுதி, நாமே மாற்றும்வரை மாறாதிருக்கும் வழிக்கு ஸ்டாட்டிக் ரூட், அஃதாவது நிலையான வழி என்று பெயர். இரு நிறுவனங்கள் உள்ள கணிப்பொறியில் முதலில் இரண்டு பொது வழிகளை எழுத வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு பொது வழிகளை எழுத முயன்றால், அப்படி ஒன்று ஏற்கெனவே உள்ளது என்று லினக்ஸ் மறுத்துவிடும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் மெட்ரிக் என்னும் முன்னுரிமை எண்ணைச் சேர்க்க வேண்டும். எண் சிறியதாயின் முன்னுரிமை பெரியது.

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.0.2.1 டெவ் ஈத்0 மெட்ரிக் 100

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 198.51.100.1 டெவ் ஈத்1 மெட்ரிக் 200

அடுத்து, பல்கலைக்கழகத்தின் தேர்வுச் சேவையகம் 203.0.113.0/24 என்ற தொகுதியில் இருப்பதாகவும், அதனை இரண்டாம் நிறுவனத்தின் வழியே விரைவாக எட்ட முடிவதாகவும் கொள்வோம். அதற்குரிய வரி:

ஐபி ரூட் ஆட் 203.0.113.0/24 வயா 198.51.100.1 டெவ் ஈத்1

இப்போது 203.0.113.25க்குச் செல்லும் பொட்டலம் எவ்வழி போகும்? மூன்று வரிகளும் அதற்குப் பொருந்துகின்றன. மெட்ரிக் 100 உடைய முதல் வரிக்கே முன்னுரிமை என்று பலர் விடை கூறுவர். அது தவறு. கணிப்பொறி முதலில் பார்ப்பது நீளமாகப் பொருந்தும் வரியையே. 24 பிட்டுகள் பொருந்தும் மூன்றாம் வரி வென்றுவிடும். பொருத்தத்தின் நீளம் சமமாக இருக்கும்போது மட்டுமே மெட்ரிக் பார்க்கப்படும். இந்த வரிசை முறையை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு வழி அட்டவணை பாதி விளங்கியதாகும்.

ஐயம் எழுந்தால், “ஐபி ரூட் கெட் 203.0.113.25” என்று தட்டுக. எந்தக் கேட்வே, எந்தக் கார்டு, எந்த அனுப்புநர் முகவரி என்பதைக் கணிப்பொறியே சொல்லிவிடும். ஊகிப்பதைக் காட்டிலும் கேட்பது நன்று.

அவ்வாறே ஒவ்வொரு நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரிக்கும் /32 வரி ஒன்றை எழுதி, அதனதன் கேட்வே வழியாகவே செல்லுமாறு செய்தல் வேண்டும். ஆய்வகக் கணிப்பொறிகள் நம் நடுக் கணிப்பொறியிடம் மட்டும் பெயர் கேட்கட்டும். நடுக் கணிப்பொறி இரண்டு டிஎன்எஸ்களையும் அறிந்திருக்கட்டும். அப்போது ஒரு நிறுவனம் வீழ்ந்தாலும் பெயர் கேட்பது நிற்காது.

இங்கு ஓர் எச்சரிக்கை. பெரிய இணையத்தளங்கள் பல முகவரிகளில் இயங்குகின்றன. அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. அத்தகைய தளத்திற்கு இன்று நிலையான வழி எழுதினால் நாளை அது பொருளற்றதாகிவிடலாம். முகவரி நிலையாக இருக்கும் இடத்திற்கே நிலையான வழி பொருந்தும்.

வேகம் இருமடங்காகுமா?

இரண்டு இணைப்புகளைச் சேர்த்தால் வேகம் இரட்டிக்கும் என்பது பரவலான எண்ணம். லினக்ஸில் ஒரே பொது வழிக்கு இரண்டு கேட்வேக்களைத் தந்து சுமையைப் பங்கிடச் செய்ய முடியும் என்பது உண்மையே. ஆனால் அங்கும் ஒரு தொடர்பின் பொட்டலங்கள் எல்லாம் ஒரே வழியில்தான் செல்லும். இரு நிறுவனங்களும் நமக்கு இரு வேறு முகவரிகளைத் தந்துள்ளன. தொடர்பின் நடுவே அனுப்புநர் முகவரி மாறினால் எதிர்முனை அதனை வேறொருவர் பேச்சாகவே கொள்ளும். எனவே ஒரு கோப்பை இறக்கும் வேகம் ஒரு கம்பியின் வேகமே. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது கூட்டம் இரு வழிகளிலும் பிரியலாம், அவ்வளவே.

வந்த வழியே திரும்புதல்

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கணிப்பொறியில் துறையின் இணையப் பக்கம் ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். வெளியூரிலிருந்து ஒருவர் 198.51.100.10 என்ற நம் இரண்டாம் முகவரிக்குக் கேள்வி அனுப்புகிறார். பொட்டலம் ஈத்1 வழியே உள்ளே வருகிறது. விடை எவ்வழி போகும்? வழி அட்டவணை பெறுநர் முகவரியை மட்டுமே பார்க்கும். கேள்வி எந்த வாசலில் வந்தது என்பதைப் பாராது. ஆகவே விடை, மெட்ரிக் குறைந்த ஈத்0 வழியாகப் புறப்படும். அதன் அனுப்புநர் முகவரியோ இரண்டாம் நிறுவனத்துடையது.

முதல் நிறுவனம் இதனைக் கண்டால், ‘இது நான் கொடுத்த முகவரி அன்று’ என்று பொட்டலத்தைக் கீழே போட்டுவிடலாம். பொய் முகவரி இட்டுத் தாக்குவோரைத் தடுப்பதற்காக, இத்தகைய சோதனையை நிறுவனங்கள் செய்ய வேண்டும் என 2000ஆம் ஆண்டில் வெளியான பரிந்துரை கூறுகிறது. அது நியாயமான பரிந்துரையே. பிழை நம்முடையது. லினக்ஸிலும் திரும்பு வழியைச் சரிபார்க்கும் ஒரு சோதனை உண்டு. அது கண்டிப்பாக வைக்கப்பட்டிருந்தால், கேள்வியே உள்ளே நுழையாமல் நின்றுவிடும்.

தீர்வு, அனுப்புநர் முகவரியைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுப்பதாகும். லினக்ஸ் 1999ஆம் ஆண்டின் 2.2 பதிப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட வழி அட்டவணைகளை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. 101, 102 என்ற எண்களில் இரண்டு புதிய அட்டவணைகளை எழுதுவோம்.

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.0.2.1 டெவ் ஈத்0 டேபிள் 101

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 198.51.100.1 டெவ் ஈத்1 டேபிள் 102

ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.0.2.10 டேபிள் 101

ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.10 டேபிள் 102

பின்னிரண்டு வரிகளும் விதிகள். 192.0.2.10 என்ற முகவரியிலிருந்து புறப்படும் பொட்டலம் 101ஆம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். மற்றது 102ஐப் பார்க்க வேண்டும். இவ்விதிகள் பொது அட்டவணைக்கு முன்பே பார்க்கப்படும். இனி எந்த வாசலில் கேள்வி வந்ததோ அதே வாசலில் விடை செல்லும். ஒன்றை மறக்கலாகாது. இவ்விரு புதிய அட்டவணைகளிலும் பொது வழி மட்டுமே உள்ளது. ஆய்வகத்தின் உட்புறத் தொகுதியாகிய 192.168.5.0/24க்குரிய வரியையும் இரண்டிலும் சேர்த்துவிட வேண்டும். இல்லையெனில் பக்கத்து மேசைக்குச் செல்ல வேண்டிய விடை, நிறுவனத்தின் கேட்வேயை நோக்கிப் புறப்பட்டுவிடும்.

நிலையான வழிக்குக் கண் இல்லை

இதுவரை கூறியவற்றை எல்லாம் செய்திருந்தால் அன்று எங்கள் ஆய்வகம் தானே பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது என்பதே உண்மை. இதுதான் இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

பகுதி அழிந்தாலும் மீதி இயங்கும் வலை ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் பால் பாரன் 1960களின் தொடக்கத்தில் சிந்தித்தார். செய்தியைத் துண்டுகளாக்கி, கிடைத்த வழியில் அனுப்பும் கருத்து அச்சிந்தனையில் பிறந்தது. இன்றும் பெரிய நிறுவனங்களின் ரூட்டர்கள் 1989இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட பிஜிபி என்னும் முறையில் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒரு பாதை அறுந்தால் அச்செய்தி பரவுகிறது. வேறு பாதை தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதனால் இணையம் தானே தன் புண்ணை ஆற்றிக்கொள்ளும் என்று கூறுவர்.

ஆனால் அந்த உரையாடலில் நம் கணிப்பொறி கலந்துகொள்வதில்லை. அது ஓரத்தில் நிற்கிறது. அதனிடம் இருப்பவை நாம் எழுதிய வரிகள் மட்டுமே. கேட்வே நம் அறையிலுள்ள மோடமாக இருந்தால், ஊருக்குள் கம்பி அறுந்தபோதும் அது உயிரோடுதான் இருக்கும். பச்சை விளக்கு, கணிப்பொறிக்கும் மோடத்திற்கும் இடையிலுள்ள இரண்டு அடிக் கம்பி நலமாக உள்ளது என்பதை மட்டுமே காட்டியது. மெட்ரிக் 100 உடைய வரி அட்டவணையில் இருக்கும்வரை மெட்ரிக் 200 உடைய வரிக்கு வேலை இல்லை. கணிப்பொறி தன் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அறுந்த பாதையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எனவே கண் ஒன்றை நாம் வைக்க வேண்டும். தொலைவில் எப்போதும் மறுமொழி தரும் இரண்டு முகவரிகளைத் தேர்ந்துகொள்வோம். கூகுளின் பொது டிஎன்எஸ் ஆகிய 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. முன்னதற்கு முதல் நிறுவனத்தின் வழியாகவும், பின்னதற்கு இரண்டாம் நிறுவனத்தின் வழியாகவும் மட்டும் செல்லுமாறு /32 வரிகளை எழுத வேண்டும். இனி 8.8.8.8 மறுமொழி தந்தால் முதல் பாதை முழுவதும் நலம் என்று பொருள். முப்பது நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் இதனைச் சோதிக்கட்டும். தொடர்ந்து மூன்று முறை மறுமொழி வராவிட்டால் மெட்ரிக் 100 உடைய பொது வழியை அது நீக்கிவிடட்டும். உடனே மெட்ரிக் 200 உடைய வழி தானே முன்னுக்கு வந்துவிடும். 8.8.8.8க்கு உரிய /32 வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பதால், முதல் பாதை சீரானதையும் அதே நிரல் கண்டுகொள்ளும். பத்து முறை தொடர்ந்து மறுமொழி வந்த பின்னரே பழைய வழியை மீண்டும் சேர்க்க வேண்டும். விட்டு விட்டு வரும் இணைப்பில் ஊஞ்சல் ஆடாதிருக்க இந்தப் பொறுமை தேவை.

வழி மாறும் வேளையில், பாதியில் இருந்த தொடர்புகள் அறுபடும். பக்கத்தை மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். அது சிறு தொல்லையே. சோதனைக்கு வைத்த முகவரி ஒரு வழியோடு கட்டப்பட்டுவிட்டது என்பதையும் மறக்கலாகாது. அவ்வழி அறுந்தால் அம்முகவரியும் எட்டாது. ஆகவே அதையே ஆய்வகத்தின் ஒரே டிஎன்எஸ்ஸாக வைத்துக்கொள்வது தவறாகும்.

எழுதி வைத்தல்

மேற்கூறிய கட்டளைகள் எல்லாம் கணிப்பொறியின் நினைவில் மட்டுமே நிற்கும். மின்சாரம் போய் வந்தால் அவை போய்விடும். எனவே லினக்ஸின் வலை அமைப்புக் கோப்பில் அவற்றை எழுதி வைக்க வேண்டும். விண்டோஸில் “ரூட் ஆட்” என்னும் கட்டளையுடன் மைனஸ் பி என்ற குறியைச் சேர்த்தால் வரி நிலைத்துவிடும். எழுதிய பின் ஒருமுறை கணிப்பொறியை நிறுத்தி இயக்கிப் பார்த்தல் வேண்டும். பின்னர் முதல் மோடத்தின் பின்புறம் வெளியிலிருந்து வரும் கம்பியை வேண்டுமென்றே கழற்றிச் சோதிக்க வேண்டும். கணிப்பொறிக்கும் மோடத்திற்கும் இடையிலுள்ள கம்பியைக் கழற்றுவது உண்மையான சோதனை ஆகாது. ஏனெனில் எங்களுக்கு நேர்ந்த விபத்தில் அந்தக் கம்பி அறுபடவில்லை.

ஐபியின் ஆறாம் பதிப்பு முகவரிகளையும் உங்கள் நிறுவனம் தந்திருந்தால், அவற்றிற்குத் தனி வழி அட்டவணை உண்டு. இவ்வேலைகளை அங்கும் தனியே செய்தாக வேண்டும்.

முடிவுரை

இரண்டு இணைப்புகளுக்குப் பணம் கட்டுவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பொட்டலம் எவ்வழி போகும், விடை எவ்வழி திரும்பும், பாதை அறுந்ததை யார் அறிவார் என்னும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்தவருக்குத்தான் இரண்டாம் வாசல் திறக்கும். இதில் பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வரிகளும் ஒரு சிறு நிரலும் போதும். தேவைப்பட்டது எல்லாம் விபத்துக்கு முன் ஒரு மாலை நேரம் அமர்ந்து சிந்திப்பதே. அந்த மாலையை நாங்கள் செலவிடவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களோ பேருந்துக்குப் போன அந்த இருவர்.

அந்த விபத்திற்குப் பின் பேராசிரியரின் வழிகாட்டுதலில் நாங்கள் நால்வர் சேர்ந்து இவ்வேலையைச் செய்து முடித்தோம். முகவரிகளையும் கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதி, ஆய்வகச் சுவரில் ஒட்டியுள்ளோம். இவ்வாண்டு தேர்வுக் கட்டணம் கட்டும் நாட்களில் ஒருநாள் முதல் இணைப்பு மீண்டும் அறுந்தது. ஓரிருவர் மட்டும் பக்கத்தை மறுபடி திறந்தனர். மற்றவர்கள் எதையும் கவனிக்கவில்லை. மாலையில் நிரலின் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் இங்கு இருக்க மாட்டோம். முகவரிகள் மாறும், நிறுவனங்களும் மாறலாம். சுவரிலுள்ள தாளைத் திருத்தி எழுத வேண்டிய பொறுப்பு இளைய மாணவ நண்பர்களுடையது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒருமுறை அந்த வெளிக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். கடைசி நாளன்று கற்றுக்கொள்வதைவிட அது எளிது.